பதினேழாவது நடை

முதலில் அடிக்கணக்கு.
காட்டோரம், யாரும் தொடாத பாசிமேல்
கருவியைப் பிடித்தேன்:
நிமிடத்துக்கு முப்பத்தெட்டுத் தட்டு.
சுங்கை தெலாயின் சாதாரண மூச்சு அது.
ஈயம் கிடந்த மண் எப்போதும் கொஞ்சம் பேசும்,
அதை நான் குற்றமாய் எழுதுவதில்லை.

நவம்பர் மழையில் அமாங் ஆலையின்
கழிவுக்குளத்துக் கரை ராத்திரியோடு உடைந்தது.
சாம்பல் குழம்பு ஓடையில் இறங்கி
மூன்றாம் டிவிஷனைத் தாண்டி,
செம்பனை நிரைகளுக்கு ஊடே,
பழைய பால் ஸ்டோரின் படிவரை போய் நின்றது.
வரைபடத்தில் அதற்கு ஆரஞ்சு நிறம்.
மேட்டைத் தொடாத, ஒழுங்கான வால்.

என் வேலை அந்த வாலின் நுனியைத் தேடுவது.
பையில் சேறு,
போத்தலில் கேணித் தண்ணீர்,
ஓடைக்கரைக் கங்குங் கீரை ஒரு கட்டு,
அஞ்சலையம்மாள் மாட்டின் அரை லிட்டர் பால்
("பாத்துட்டு பாலத் திருப்பிக் குடுப்பியா?").
ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, மணி.
கீழே போகப் போகத் தட்டு குறைந்தது.
எழுபது. ஐம்பத்திரண்டு. நாற்பத்தொன்று.
நல்லது என்று எழுதிவிட்டுப்
பசியாற மேட்டுக்கு ஏறினேன்,
கருவியை அணைக்க மறந்து.

தமிழ்ப்பள்ளித் திடலில்,
நீளம் தாண்டும் குழியருகே,
தகரக்கூரையில் மழை பிடித்த மாதிரி
அது கொட்ட ஆரம்பித்தது.
நானூற்றுப் பன்னிரண்டு.
மணலில் அன்று காலை யாரோ தாண்டிய
இரண்டு குதிகால் பள்ளம், பக்கம் பக்கமாய்.

ஓடைக்கு மேலே நாற்பதடி.
தண்ணீர் மேடேறாது.
குனிந்து பார்த்தேன்.
கறுப்பும் தேன்நிறமுமாய் மினுங்கும் பொடி.
யாரோ ஏற்றி வந்திருக்கிறார்கள்.

ஒட்டுக்கடையில் கேட்டதுமே சொன்னார்கள்,
மறைக்க அதில் என்ன இருக்கிறது.
வெள்ளம் வடிந்த வாரம் கோத்தோங் ரோயோங்.
சடக்கெல்லாம் குழி, குத்தகைக்காரன் வரவில்லை,
ஓடையோ கரைநெடுக மணலைக் குவித்து வைத்திருந்தது
சும்மா.
லோரி அல்போன்ஸ் சொந்த டீசலில்
பதினேழு நடை அடித்தான்.

அவன் வாசலில் நின்று எண்ணைச் சொன்னேன்.
"என்னா நெறம் அது?"
நிறமில்லை.
"வாடை?"
இல்லை.
"எப்ப அடங்கும்?"
பாதி அடங்கவே
ஆயிரத்து நானூறு கோடி வருஷம் என்று
ஒருவர் வாசலில் நின்று எப்படிச் சொல்வது?
"அள்ளினா போயிடும்" என்றேன்.
போகும் என்றால் வேறிடத்துக்குப் போகும்.
அதையும் சொல்லவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.
லோரியின் முன்சீட்டில், மடியில் கருவியோடு நான்.
முதல் இரண்டு நடை பள்ளிக்கு.
மூன்றிலிருந்து ஏழு சடக்குக்கு.
எட்டு, சூராவின் பின்பக்கம்.
ஒன்பது, ஆ மூயின் மீன்குளத்துக் கரை.
பத்து, தீமிதித் திடல்.
அங்கே கருவி கத்தியபோது
முகத்தைச் செம்பனைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.
எந்த இடமும் தப்பவில்லை.
அவன் பிரேக் போடுவான்,
பிறகுதான் கருவி ஆமாம் என்னும்.
இறங்கிச் சிவப்புக் கொடி நடுவேன்.

பதினாறு வரை வந்தது.
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.
"பதினேழு அடிச்சேன். டீசல் சீட்டு இருக்கு.
இருட்டிப் போச்சு. ஒரு பொம்பளக் குரல்,
'அண்ணே, எங்களுக்கும் ஒரு நடை'ன்னு.
எந்த வாசல்னு வர மாட்டேங்குது."

இன்று ஏழாவது நாள்.
லயத்து வரிசையில், தரையோரம்
கருவியைப் பிடித்து நடக்கிறேன்.
பின்னால் அல்போன்ஸ்.
ஒவ்வொரு கதவிலும் தொண்டையைச் செருமிவிட்டு
ஒரே கேள்வி கேட்கிறான்:
"நான் உங்களுக்கு மண்ணு குடுத்தேனா?"

முப்பத்தொன்பது.
முப்பத்தெட்டு.
ஒரு வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள்.
நாற்பது.